தேறலும் தெளிவும்: கள்ளுக்கும் கவிக்கும் உள்ள உறவு பற்றிய ஒரு கருத்தின் வரலாறு

முன்னுரை

குடி கற்பனையைத் தூண்டும் என்பது உலகெங்கும் பரவலாக வழங்கும் நம்பிக்கைகளுள் ஒன்று. இதற்குச் சான்றாகப் பெரும்பாலும் இலக்கியமே காட்டப்படுகிறது. கிரேக்கரின் மதுப்பாடல்கள், வேதத்தின் சோமப் பாடல்கள், பாரசீக ருபாயத்துகள், சங்கப் புலவர் பாடிய கள்ளும் தேறலும் ஆகிய அனைத்தும் ஒரே வரிசையில் வைக்கப்பட்டு, 'குடித்தார்கள், ஆகவே பாடினார்கள்' என்ற முடிவு பெறப்படுகிறது. இம்முடிவு வரலாற்று முறைக்கும் மொழியியல் முறைக்கும் ஒத்ததா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாடலில் குடி பேசப்படுகிறது என்பது வேறு. குடியால் பாடல் பிறந்தது என்பது வேறு. பழைய நூல்களைத் தொகுத்து நோக்குங்கால் குடிக்கும் பாட்டுக்கும் இடையே மூன்று வேறுபட்ட உறவுகள் பேசப்படுவது புலனாகும். ஒன்று, குடி பாட்டின் ஊற்றாகக் கருதப்படுவது. இரண்டு, குடி பாடுவோர்க்குரிய கொடையாகவும் கூட்டத்தின் அடையாளமாகவும் நிற்பது. மூன்று, குடி பாட்டின் குறியீட்டு மொழியாக அமைவது. இம்மூன்றனையும் முறையே ஊற்றுநிலை, கொடைநிலை, குறியீட்டுநிலை எனலாம். இவற்றை ஒன்றாகக் குழப்பியதில் மொழிபெயர்ப்புக்குப் பெரும்பங்கு உண்டு என்பது இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்து.

1. சொற்கள் தரும் சான்று

தமிழில் குடிவகையைக் குறிக்கும் பழஞ்சொற்கள் பல. கள், நறவு, தேறல், மட்டு, தோப்பி, அரியல், பிழி, மகிழ் என்பன அவற்றுட் சில. இவற்றைப் பொருட்பிறப்பு நோக்கி வகைப்படுத்தினால் சில குறிப்பிடத்தக்க உண்மைகள் வெளிப்படுகின்றன.

முதல் வகை செய்ம்முறையால் பெற்ற பெயர்கள். பிழியப்படுவது பிழி, அரிக்கப்படுவது, அதாவது வடிகட்டப்படுவது, அரியல். இரண்டாம் வகை மணத்தாலும் இனிமையாலும் பெற்ற பெயர்கள். நறவு என்பது நறுமையோடு தொடர்புடையது. அது தேனையும் குறிக்கும். மூன்றாம் வகை விளைவால் பெற்ற பெயர்கள். 'மகிழ்' என்னும் சொல் மகிழ்ச்சி, மயக்கம், குடிவகை ஆகிய மூன்றையும் குறிக்கிறது. 'களி' என்பது களிப்பையும் குடிமயக்கத்தையும் குடித்தவனையும் குறிக்கிறது. கன்னடத்திலும் மலையாளத்திலும் கள்ளு, தெலுங்கில் கல்லு என வழங்கும் பொதுச் சொல்லாகிய கள்ளும் இக்களியும் தொடர்புடையனவாகக் கொள்ளப்படுகின்றன. 'செருக்கு' என்பதும் பெருமிதம், மயக்கம் என்னும் இருபொருளையும் தாங்கி நிற்கிறது.

நான்காவதாகத் தனித்து நிற்பது 'தேறல்'. தேறு என்னும் வினைக்குத் தெளிதல், உறுதி பெறுதல், நம்புதல், அறிதல் எனப் பொருள்கள் உண்டு. வண்டல் கீழே தங்க மேலே தெளிந்து நிற்பது தேறல். கொங்கு வட்டாரத்தில் பதநீரைத் தெளுவு என்பர். அச்சொல்லும் தெளிவு என்பதோடு ஒப்பிடத்தக்கது. அறிவின் தெளிவைக் குறிக்கும் அதே வினை மயக்கம் தரும் ஒரு பொருளுக்குப் பெயராகியிருப்பதைக் கண்டு, 'பழந்தமிழர் குடி அறிவைத் தெளிவிக்கும் என நம்பினர்' என்று ஒருவர் வாதிடக்கூடும். அவ்வாதம் பொருந்தாது. தேறல் என்பதில் தெளிவது குடித்தவன் உள்ளம் அன்று. கலத்தில் உள்ள நீர்மம். விளைவைச் சுட்டும் பெயர்களாகிய மகிழும் களியும் செருக்கும் உணர்ச்சியைச் சுட்டுகின்றனவே அன்றி அறிவைச் சுட்டவில்லை.

பிற மொழிகளிலும் இத்தகைய பொறிகள் உள்ளன. ஆங்கிலத்தில் வடிசாராயத்துக்குரிய 'ஸ்பிரிட்' என்ற சொல்லும், கவிஞனின் உள்ளெழுச்சிக்குரிய 'இன்ஸ்பிரேஷன்' என்ற சொல்லும் மூச்சைக் குறிக்கும் ஒரே இலத்தீன் வேரிலிருந்து வந்தவை. ஆயினும் சாராயத்துக்கு அப்பெயர் இரசவாதிகள் வழியே வந்தது; வடிக்கும்போது மேலெழும் ஆவியே அப்பெயருக்குக் காரணம். 'ஆல்கஹால்' என்பது கண்மையைக் குறித்த அரபுச் சொல்லிலிருந்து பிறந்து, நுண்பொடி, சாரம் என்னும் பொருள்களைக் கடந்து இன்றைய பொருளை அடைந்தது. வடமொழி 'மது', கிரேக்க 'மெது', ஆங்கில 'மீட்' ஆகியவை ஓரினச் சொற்கள்; அவற்றின் அடிப்படை தேன். சொல்லின் வேரைக் கொண்டு ஒரு சமூகத்தின் கோட்பாட்டை வரைவது எத்துணை இடர் மிக்கது என்பதை இவை உணர்த்தும்.

2. சங்கப் பாடல்கள்: கொடையும் கூட்டமும்

சங்க நூல்களில் குடி மறைக்கப்படவில்லை, பெருமிதத்தோடு பேசப்படுகிறது. அதன் கடுமையைத் தேளின் கடிக்கும் பாம்பின் கடிக்கும் ஒப்பிட்ட புலவர்கள் உளர். யவனர் கொணர்ந்த நறுமணத் தேறலைப் பொற்கலத்தில் ஏந்தி மகளிர் ஊட்டுவதைப் புறநானூற்றின் 56ஆம் பாடலில் நக்கீரர் பாடுகிறார். 1945இல் மார்ட்டிமர் வீலர் நிகழ்த்திய அரிக்கமேட்டு அகழாய்வில் கிடைத்த மத்தியதரைக்கடல் நாட்டுச் சாடித் துண்டுகள் இத்தகைய வாணிகத்துக்குத் தொல்பொருட் சான்றாகும்.

ஆயின் இக்குடி பாடலில் எப்பணியைச் செய்கிறது? பொருநராற்றுப்படையில் கரிகாலன் அவைக்கு வந்த பொருநனுக்கு மகளிர் பொற்கலத்தில் மீண்டும் மீண்டும் வார்த்துத் தருகின்றனர். அங்கே குடி செய்யும் பணி வழிநடை வருத்தத்தைத் தீர்ப்பது. குடித்ததால் பொருநனின் கலை சிறந்தது என்று புலவர் கூறவில்லை. புறத்திணையில் குடிக்குத் தொல்காப்பியர் வகுத்த இடமும் இங்கே நினைக்கத்தக்கது. வெட்சித்திணையில் ஆநிரை கவர்ந்து மீண்ட மறவர் கூடி உண்டு மகிழ்வது 'உண்டாட்டு' என்னும் துறையாகிறது. அது செயல் முடிந்த பின் நிகழும் கூட்டுக் கொண்டாட்டம். மறுபுறம், செய்யுளாக்கத்தைக் குறிக்கத் தொல்காப்பியம் ஆளும் கலைச்சொற்கள் செய்தல், யாத்தல் என்னும் வினைகளை அடியாகக் கொண்டவை. கட்டுதல் என்னும் பொருள்படும் 'யாப்பு' கைத்தொழிலின் சொல். வெறியின் சொல் அன்று. பாட்டுக்கும் குடிக்கும் காரணகாரிய உறவு காட்டும் விதி எதுவும் அந்நூலின் செய்யுளியலில் இடம்பெறவில்லை.

இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது, குடி மிக ஆழமாகப் பேசப்படும் புறப்பாடல்களின் துறை. அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது ஔவையார் பாடிய 235ஆம் பாடலில் அவன் கள்ளைப் பகிர்ந்துகொண்ட முறை முதலில் நினைவுகூரப்படுகிறது. கள் குறைவாயின் அது பாடுவோர்க்கே சேரும். நிறைவாயின் பாட்டினூடே தலைவனும் அதில் பங்கு கொள்வான். 232ஆம் பாடலில், பெருநாட்டையே கொடுத்தாலும் கொள்ளாத அவன் தன் நடுகல்லின்முன் சிறு கலத்தில் உகுக்கும் கள்ளைக் கொள்வானோ என்று அப்புலவரே வினவுகிறார். பாரி இறந்தபின் பறம்பை நீங்கும் கபிலர், 113ஆம் பாடலில், கட்சாடிகள் திறந்தபடி இருந்த அந்நாளைய விருந்தை நினைந்து வாடுகிறார். இவை கையறுநிலையைப் பாடுவன. இவற்றில் பாட்டைப் பிறப்பித்தது குடி அன்று; குடித்த கூட்டம் கலைந்த வெறுமையே பாட்டைப் பிறப்பித்தது. சாடி மூடப்பட்ட பிறகே அதைப் பற்றிய பாட்டு எழுந்தது எனலாம்.

எனவே சங்க மரபில் மேலோங்கி நிற்பது கொடைநிலையே. கள் என்பது புரவலன் தன்னிடம் உள்ளதைப் பகிர்ந்ததன் அளவுகோல். அதே அதியமான் ஔவையார்க்கு நெல்லிக்கனி ஈந்ததை 91ஆம் பாடல் போற்றுகிறது. நெல்லிக்கனியைக் கவித்துவத்தின் ஊற்று என்று எவரும் கூறுவதில்லை. கள்ளுக்கு மட்டும் அத்தகுதியை ஏற்றிக் கூறுவது நாம் வேறிடத்திலிருந்து கொணர்ந்த கருத்தின் விளைவாகும்.

3. உரையில் நிகழும் மாற்றம்

235ஆம் பாடலில் அமைந்த வினைகளை இலக்கண நோக்கில் காண்பது பயன்தரும். மூலத்தில் புலவர்க்குரிய வினை பாடுதல். அது 'செய' என்னும் வாய்பாட்டு எச்சமாக நிற்கிறது. உண்ணுதல் தலைவனுக்குரிய வினை. செயவென் எச்சம் தன் வினைமுதலினின்றும் வேறான வினைமுதலைக் கொண்டு முடியவல்லது. இங்கு ஒருவர் பாடும் காலத்தே மற்றவர் உண்டார் என்னும் உடனிகழ்ச்சியை அது உணர்த்துகிறது.

புறநானூற்றின் முதல் 266 பாடல்களுக்குக் கிடைத்துள்ள பழைய உரை இவ்விடத்தை விரிக்குங்கால், புலவர் உண்டு பாட, எஞ்சியதைத் தலைவன் நுகர்ந்தான் என்று பொருள் கொள்கிறது. முதலில் புலவர்க்கு அளித்து எஞ்சியதைத் தான் கொள்ளும் தலைவனின் பண்பைச் சிறப்பிப்பதே உரையாசிரியரின் கருத்து. அதாவது அவரும் கொடைநிலையிலேயே நிற்கிறார். ஆயினும் 'உண்டு' என்ற செய்தென் எச்சம் சேர்ந்தவுடன் உண்டலும் பாடலும் ஒருவர்மேல் முன்பின்னாக அடுக்கப்படுகின்றன. தமிழில் செய்தென் எச்சம் காலமுறையை உணர்த்துவதோடு சூழலுக்கேற்பக் காரணத்தையும் உணர்த்தும். உ.வே. சாமிநாதையர் 1894இல் பதிப்பித்ததிலிருந்து இந்நூலைப் பயில்வோர் மூலத்தையும் உரையையும் ஒருங்கே பயில்கின்றனர். உரை வழியே மூலத்தை அணுகும் மொழிபெயர்ப்பாளர் 'நாங்கள் குடித்துவிட்டுப் பாடினோம்' என்று எழுதினால் அது உரைக்குப் பிழையாகாது. ஆனால் அவ்வாக்கியத்தைப் பிறமொழியில் படிப்பவர், 'குடித்ததால் பாடினோம்' என்று கொள்ள வழி திறந்துவிடுகிறது. மூன்று படிகளில், எவரும் பெரும்பிழை செய்யாமலே, கொடைநிலை ஊற்றுநிலையாக மாறிவிடுகிறது.

பொருட்பெயரிலும் இதே சிக்கல் உண்டு. சங்ககாலக் குடிவகைகள் நொதித்தவை. நொதித்த பனங்கள்ளில் ஆல்கஹால் ஏறத்தாழ 4 முதல் 6 விழுக்காடு. இன்று இந்தியாவில் 'மது' என்ற சொல் நினைவூட்டும் விஸ்கி, பிராந்தி போன்ற வடிசாராய வகைகளில் அது 42.8 விழுக்காடு. கள்ளை மது என்றும், மதுவை 'லிக்கர்' என்றும் பெயர்த்துச் செல்லும்போது பொருளின் வலிமை ஏறக்குறைய எட்டுப் பத்து மடங்கு ஏறிவிடுகிறது. 'வைன்' என்று பெயர்த்தாலோ திராட்சையும் அதனோடு பிணைந்த கிரேக்க மரபும் உடன்வந்துவிடுகின்றன. அம்மரபு யாது என்பதை இனிக் காண்போம்.

4. நீர் அருந்துவோன் பாடான் என்னும் வழக்கு

நீர் அருந்துவோன் நல்ல கவி பாட மாட்டான் என்ற ஐரோப்பிய வழக்கின் மூலம் கிரேக்க இன்பியல் நாடகாசிரியர் கிராட்டினஸ் என்று கூறப்படுகிறது. அவ்வழக்கு தோன்றிய சூழல் பெரும்பாலும் மறக்கப்பட்டுவிட்டது. கி.மு. 424இல் இளைஞரான அரிஸ்டோஃபனிஸ் தம் நாடகமொன்றில் முதியவரான கிராட்டினஸைக் குடியால் வலிமை குன்றியவர் என எள்ளினார். அடுத்த ஆண்டே, கி.மு. 423இல், கிராட்டினஸ் 'மதுக்குடுவை' என்னும் பொருள்படும் நாடகத்தை அரங்கேற்றினார். அதில் அவரே ஒரு பாத்திரம். இன்பியல் நாடகக்கலை அவருடைய மனைவி. அவர் குடியின் பின்னே சென்றுவிட்டார் என்று அவள் முறையிடுகிறாள். அந்நாடகம் முதற்பரிசு பெற்றது. அரிஸ்டோஃபனிஸின் 'மேகங்கள்' மூன்றாமிடம் பெற்றது. இத்தகைய போட்டியும் எள்ளலும் நிறைந்த மேடை மரபில் வேரூன்றியதே இவ்வழக்கு. அதனை உளவியல் உண்மையாகக் கொள்வது பொருந்தாது.

உரோமக் கவிஞர் ஹொராஸ் தம் திருமுகங்களின் முதல் நூல், 19ஆம் பாடலில், இக்கூற்றைக் கிராட்டினஸ் பெயரால் நினைவூட்டுகிறார். ஆனால் அவர் நோக்கமும் எள்ளலே. இக்கூற்றைக் கேட்ட கவிஞர்கள் இரவெல்லாம் போட்டியிட்டுக் குடித்துப் பகலெல்லாம் அதன் நாற்றத்தோடு திரிவதை அவர் நகையாடுகிறார். கேட்டோவின் எளிய உடையை உடுத்துவதால் கேட்டோவின் ஒழுக்கம் வந்துவிடாது என்பது அவர் காட்டும் உவமை. பெரியோரின் புறவழக்கத்தைப் பின்பற்றுவோர் அவர்தம் திறனைப் பெற்றுவிட்டதாக எண்ணும் மயக்கத்தையே அவர் சுட்டினார். பிற்காலத்தார் எள்ளலை விடுத்து மேற்கோளை மட்டும் கைக்கொண்டனர்.

5. சோமமும் சுரையும்

இந்திய மரபில் ஊற்றுநிலைக்குத் தெளிவான சான்று இருக்கு வேதத்தில் உள்ளது. அதன் ஒன்பதாம் மண்டலத்தின் 114 பாடல்களும் வடிகட்டப்படும் சோமத்தைப் போற்றுவன. 96ஆம் பாடலில் சோமம் எண்ணங்களைப் பிறப்பிப்பவனாகவும் முனிவரை ஆக்குபவனாகவும் விளிக்கப்படுகிறது. பாட்டின் ஊற்று ஒரு பானமே என்னும் நம்பிக்கையை இதனினும் வெளிப்படையாகக் கூறிய நூல் அரிது.

ஆயினும் இது ஆல்கஹாலைப் பற்றிய சான்று அன்று. சோமம் ஒரு செடியைப் பிழிந்து வடிகட்டிச் சடங்கின் நாளிலேயே பயன்படுத்தப்பட்ட சாறு. நொதிக்கவைத்த குடிக்கு வேதமொழியில் 'சுரா' என்னும் வேறு சொல் உண்டு. இருக்கு வேதத்தின் ஏழாம் மண்டலத்தில் வருணனை நோக்கிய ஒரு பாடல், தவற்றுக்குக் காரணமானவற்றுள் சினம், சூது ஆகியவற்றோடு சுரையையும் சேர்த்து எண்ணுகிறது. சதபத பிராமணம் சோமத்தை வாய்மையோடும் ஒளியோடும், சுரையைப் பொய்ம்மையோடும் இருளோடும் இணைக்கிறது. இவ்வேறுபாட்டைக் கருதாது சோமத்தை 'மது' என்றோ 'வைன்' என்றோ பெயர்த்தால், நூல் தெளிவாகப் பிரித்து வைத்த இரு பொருள்கள் ஒன்றாகிவிடுகின்றன. குடி கவித்துவம் தரும் என்ற கருத்துக்கு வேதமே சான்று என்ற வாதம் இக்கலப்பின்மேல் எழுப்பப்பட்டது.

6. குடியாத மதுக்கவிஞர்

குறியீட்டுநிலைக்கு உரிய களம் பாரசீக, உருதுக் கவிதை. ஹாஃபிஸ் முதலியோரின் கஸல்களில் வரும் மது, கிண்ணம், சாக்கி, மதுக்கூடம் ஆகியன காலப்போக்கில் ஒரு முழுமையான குறியீட்டு அகராதியாக அமைந்தன. மகமூத் ஷபிஸ்தரி 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இயற்றிய 'குல்ஷனே ராஸ்' என்னும் நூல், ஞானியர் கூற்றில் மதுவும் விளக்கும் அழகும் எவற்றைக் குறிக்கின்றன என்ற வினாவுக்கு விடை கூறுகிறது. குறியீட்டுக்கு விளக்கநூல் எழும் நிலையை மரபு அப்போதே அடைந்திருந்தது.

இம்மரபின் இயல்பை விளக்க ரியாஸ் கைராபாதியை (1853–1934) விடச் சிறந்த சான்று இல்லை. உருதுவில் மதுக்கவிதையின் பெரும்புலவராகப் போற்றப்படும் இவர் வாழ்நாளில் மதுவைத் தொடாதவர் என்று இலக்கிய வரலாறுகள் கூறுகின்றன. இந்தியில் 1935இல் வெளிவந்த 'மதுசாலா'வின் ஆசிரியர் ஹரிவம்ச ராய் பச்சனும் குடிப்பழக்கம் இல்லாதவராகவே அறியப்பட்டவர். மறுபுறம் காலிப் குடித்தவர். அதனை மறைத்தவரும் அல்லர். குடித்தவரும் குடியாதவரும் ஒரே சொற்களஞ்சியத்தைக் கொண்டு ஒத்த தரத்தில் பாடினர் எனின், அக்கவிதையின் ஊற்று கிண்ணத்தில் இருந்ததாகக் கொள்ள இயலாது. மொழிமரபில் இருந்தது என்பதே பொருந்தும்.

இந்நிலையைக் குழப்பியதில் ஒரு மொழிபெயர்ப்புக்கு முதன்மையான இடம் உண்டு. எட்வர்டு ஃபிட்ஸ்ஜெரால்டு 1859இல் பெயர் குறிப்பிடாது வெளியிட்ட உமர் கய்யாமின் 75 ருபாயத்துகள், பாரசீகக் குறியீட்டு மரபை அறியாத வாசகரிடம் சென்றன. அங்கே கிண்ணம் கிண்ணமாகவே படிக்கப்பட்டது. கய்யாம் (1048–1131) முப்படிச் சமன்பாடுகளைப் பற்றி நூல் இயற்றிய கணித அறிஞர். 1079இல் நடைமுறைக்கு வந்த நாட்காட்டிச் சீர்திருத்தத்தில் பங்கேற்றவர். அவர் மதுக்கூடத்துக் கவிஞராகவே உலகுக்கு அறிமுகமானார். இந்தியில் பச்சனும் தமிழில் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையும் ஃபிட்ஸ்ஜெரால்டின் ஆங்கிலத்தின் வழியே கய்யாமைத் தந்தனர். ஆகவே கீழ்த்திசைப் பொருள் ஒன்று மேல்திசை வழியே சுற்றிவந்து இந்திய மொழிகளை அடைந்தது. வரும் வழியில் அதன் குறியீட்டுப் பொருள் மெலிந்து, நேர்ப்பொருள் ஓங்கியது.

7. தமிழின் மறுப்பு மரபு

குடியை மறுத்த தமிழ் நூல்கள் எந்த அடிப்படையில் மறுத்தன என்பதும் நம் வினாவுக்குத் தொடர்புடையது. திருக்குறளின் 93ஆம் அதிகாரமாகிய கள்ளுண்ணாமையில், பொருள் கொடுத்து ஒருவன் பெறுவது 'மெய்யறியாமை' என்று 925ஆம் குறள் கூறுகிறது. தன் உடலையே அறியாத நிலை என்று இச்சொல்லுக்குப் பொருள் கொள்வர். மறுப்பின் மையம் அறிவிழப்பே. ஆயினும் காமத்துப்பாலில் அதே ஆசிரியர் கள் தரும் மகிழ்வை மறுக்கவில்லை. காமத்தின் சிறப்பைக் காட்ட 1090, 1201 ஆகிய குறள்களில் கள்ளை ஒப்புப் பொருளாக வைத்து, 'மகிழ்' என்ற சொல்லையே இருவிடத்தும் ஆள்கிறார். மகிழ்வு உண்டு, அறிவு இல்லை என்பது அவர் நிலை. சொல்வரலாறு காட்டும் பகுப்பும் இதுவே.

மணிமேகலையில் சாதுவன் நாகர் தலைவனிடம் கள்ளை மறுக்கும்போது காட்டும் காரணமும் மயக்கமே. கம்பரின் கிட்கிந்தா காண்டத்தில், கொடுத்த வாக்கைக் குடியால் மறந்த சுக்கிரீவன் குடியைப் பழித்துப் பேசுகிறான். போற்றிய நூல்களும் பழித்த நூல்களும் ஒரு செய்தியில் ஒன்றுபடுகின்றன. குடி புலமையைத் தரும் என்று முன்னவை கூறவில்லை. ஆகவே அதனை மறுக்கும் தேவை பின்னவற்றுக்கு எழவில்லை.

8. அண்மைக்கால ஆய்வுகள்

இதுவரை கண்டது நூற்சான்று. மனித மூளையில் ஆல்கஹால் உண்மையில் செய்வது என்ன என்பது தனி வினா. அதற்கு ஆய்வுக்கூடங்கள் தந்த விடைகளுள் மொழியியலார்க்கு ஆர்வம் தருவது 2012இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஜரோஸ், கோல்ஃப்ளெஷ், வைலி ஆகியோர் வெளியிட்ட ஆய்வு. 40 ஆடவரில் ஒரு பகுதியினர்க்கு இரத்தத்தில் ஆல்கஹால் ஏறத்தாழ 0.075 விழுக்காடு ஆகும் அளவு குடிக்கத் தந்து, சொற்புதிர்கள் கொடுக்கப்பட்டன. குடித்தோர் 58 விழுக்காட்டையும் குடியாதோர் 42 விழுக்காட்டையும் விடுவித்தனர். குடித்தோரின் செயல்நினைவு குறைந்தது என்பதும் அதே ஆய்வின் முடிவு.

அச்சோதனையின் இயல்பை நோக்க வேண்டும். மூன்று சொற்கள் தரப்படும். அம்மூன்றோடும் சேர்ந்து தொகையாகும் ஒரு சொல்லைக் காண வேண்டும். தாய், வாய், கிளை என்பன தரப்பட்டால் விடை 'மொழி'. ஆகவே அளக்கப்பட்டது, மனச்சொற்களஞ்சியத்தில் தொகைச்சொல்லைத் தேடி எடுக்கும் திறன். முதலில் தோன்றும் தவறான விடையைப் பற்றிக்கொண்டு நிற்போர் இத்தேடலில் தோற்பர். கவனக் கட்டுப்பாடு சற்றுத் தளர்ந்தால் அப்பற்றும் தளர்கிறது என்பது ஆய்வாளர் தரும் விளக்கம். ஆனால் கிடைத்த சொல் பொருந்துமா என ஆய்வதும், அதனை யாப்பில் அமைப்பதும், நீண்ட படைப்பின் முன்பின் தொடர்பைக் காப்பதும் செயல்நினைவை வேண்டுவன.

2017இல் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் பெனடெக் முதலியோர் 70 பேரிடம் நடத்திய ஆய்வு இதனைத் தெளிவாக்குகிறது. ஆல்கஹால் உள்ள பீரும் இல்லாத பீரும் வேறுபாடு அறியாவண்ணம் தரப்பட்டன. இரத்த அளவு 0.03 விழுக்காடு. சொற்புதிரில் முன்னேற்றம் காணப்பட்டது. புதிய எண்ணங்களைப் பலவாகத் தோற்றுவிக்கும் சோதனையில் மாற்றம் காணப்படவில்லை. இவற்றுக்கு முன், 1984இல் லாங் முதலியோர் வெளியிட்ட ஆய்வில், தாம் ஆல்கஹால் அருந்தியதாக நம்பியோர், உண்மையில் அருந்தினரோ இல்லையோ, தம் படைப்பை உயர்வாக மதிப்பிட்டனர். ஹொராஸ் எள்ளிய மயக்கம் இதுவே எனலாம்.

புதுக்கண்டுபிடிப்பைப் பொறுத்தவரை, வரலாற்றுச் சான்றொன்று உண்டு. அமெரிக்காவில் மாநிலங்கள் மதுவிலக்கை நடைமுறைப்படுத்தியபோது, முன்னர் மதுக்கூடங்கள் இருந்த மாவட்டங்களில் பதிவான காப்புரிமங்களைப் பொருளியல் அறிஞர் மைக்கேல் ஆண்ட்ரூஸ் ஆராய்ந்தார். முன்னரே மதுவற்றிருந்த மாவட்டங்களோடு ஒப்பிட, அவை 8 முதல் 18 விழுக்காடு வரை குறைந்து, சில ஆண்டுகளில் மீண்டன. மதுக்கூடங்களுக்கு அரிதாகச் சென்ற பெண்களின் காப்புரிமங்கள் அவ்வளவு பாதிக்கப்படவில்லை. குடி நின்றதைவிடப் பலர் கூடிப் பேசிய இடம் மறைந்ததே காரணம் என்பது அவர் முடிவு. மக்கள் கூடுவதற்கு வேறு இடங்களைக் கண்டபின் கண்டுபிடிப்பும் மீண்டது.

இம்முடிவைக் கையறுநிலைப் பாடல்களோடு வைத்து நோக்குக. பறம்பில் கபிலர் இழந்ததும் தகடூர்த் தலைவன் மறைவால் ஔவையார் இழந்ததும் ஒரு கூட்டம். சாடி அக்கூட்டத்தின் அடையாளம்.

முடிவுரை

குடி படைப்பாற்றலைத் தரும் என்ற கருத்துக்கு இலக்கியத்தைச் சான்றாகக் காட்டுவது, தனித்தனியே நிற்கும் மூன்று உறவுகளை ஒன்றாக எண்ணுவதால் நிகழ்கிறது. ஊற்றுநிலை வேதத்தில் உண்டு; ஆனால் அங்கே பேசப்படுவது சுரை அன்று. கிரேக்கத்தில் உண்டு, ஆனால் அது நகைச்சுவை மேடையின் வழக்கு. சங்கப்பாடல்களில் ஓங்கி நிற்பது கொடைநிலை; பாரசீக, உருது மரபில் குறியீட்டுநிலை. ஆய்வுக்கூடம் காட்டுவது சிறுபொழுது நீடிக்கும் ஒரு சொல்தேடல் நலம் மட்டுமே. அதற்கும் செயல்நினைவு விலையாகிறது.

மொழிபெயர்ப்பாளர்க்கு இதனால் சில நெறிகள் கிடைக்கின்றன. கள், தோப்பி, தேறல், சோமம், சுரா, மய் ஆகியவற்றை ஒரே சொல்லால் பெயர்த்தல் கூடாது. எச்சங்களைப் பெயர்க்கும்போது மூலத்தில் இல்லாத காரணப்பொருள் நுழையாவண்ணம் காக்க வேண்டும். உரையின் விரிவை மூலமாகக் கொள்ளாது, உரையென்று காட்ட வேண்டும். ஒழுக்கம் கருதிக் கள்ளைப் பொதுவான பானமாக மென்மையாக்குவதும், கவர்ச்சி கருதிப் புலவரைக் குடிவெறியராக ஆக்குவதும் ஒரே பிழையின் இரு முகங்கள். ஔவையாரின் பாட்டில் கலம் இருக்கட்டும். அதனை ஏந்திய கையும் உடனிருக்கட்டும். பாட்டு அக்கையை நோக்கிப் பாடப்பட்டது.